வெள்ளை விளக்கு ஏன் வாலில் சிவக்கிறது?

ஆடிக் கிருத்திகை, விநாயகர் சதுர்த்தி, கந்த சஷ்டி என்று ஊர்வலம் வரும் நாட்களில் குன்றத்தூர் மலையடிவாரத்திலிருந்து மாங்காடு, அனகாபுத்தூர், பம்மல் வரை தெருவுக்கொரு அலங்கார ஊர்தியைப் பார்க்கலாம். பெரும்பாலும் அது ஒரு குட்டியானை வண்டியாகவோ டிராக்டர் டிரெய்லராகவோ இருக்கும். இரும்புச் சட்டத்திலும் சவுக்குக் கம்பிலும் மயில், கோபுரம், வேல் என உருவம் கட்டி, துணியும் தெர்மாகோலும் ஒட்டி, விளிம்பெல்லாம் எல்இடி ஸ்ட்ரிப் லைட்டைச் சுற்றியிருப்பார்கள். தெருப் பிள்ளைகள் வாசலில் வைத்தே கட்டி முடிக்கும் வண்டி அது. ரிமோட்டில் வெள்ளை நிறத்தை அழுத்தியதும் மயிலின் கழுத்து பால்போல் ஒளிரும். தோகைக்குப் போகப் போக வெள்ளை மங்கி மஞ்சளாகும். தோகையின் நுனியில் காவி கலந்த சிவப்பாகவே மாறிவிடும். ‘ரோல் டூப்ளிகேட்’ என்று கடைக்காரர்மேல் பழி போடுவது வழக்கம். ஆனால் அதே ரிமோட்டில் சிவப்பை அழுத்தினால் கழுத்து முதல் நுனி வரை ஏறக்குறைய ஒரே மாதிரி எரிகிறது. தரம் கெட்ட விளக்கு என்றால் எல்லா நிறத்திலும் அல்லவா கெட்டிருக்க வேண்டும்? வெள்ளையில் மட்டும் காட்டும் இந்தக் குறைக்கான காரணத்தைப் புரிந்துகொண்டால், ஊர்திக்கு எந்த விளக்கை வாங்குவது, எத்தனை வாங்குவது, எப்படி இணைப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிடும்.

எல்இடியைத் தமிழில் ஒளி உமிழ் டையோடு என்கிறோம். அதற்குள் இரண்டு வகைக் குறைக்கடத்திகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஒன்றில் எலெக்ட்ரான்கள் மிகுதி. மற்றொன்றில் எலெக்ட்ரான் வந்து அமர வேண்டிய காலி இடங்கள் மிகுதி. இரண்டும் சேரும் எல்லையில் எலெக்ட்ரான் உயர்ந்த ஆற்றல் நிலையிலிருந்து தாழ்ந்த நிலைக்கு விழுந்து காலி இடத்தை நிரப்புகிறது. அப்போது அது இழக்கும் ஆற்றலே ஒளியாக வெளிவருகிறது. இரு நிலைகளுக்கும் இடையிலுள்ள உயரத்தை ஆற்றல் இடைவெளி என்பார்கள். இந்த உயரம் எந்தப் பொருளால் விளக்கைச் செய்தோம் என்பதைப் பொறுத்தது. உயரம் குறைவென்றால் சிவப்பு ஒளி, கூடினால் பச்சை, இன்னும் கூடினால் நீலம். எலெக்ட்ரானை அந்த உயரத்துக்கு ஏற்றிவிடுவது நாம் கொடுக்கும் வோல்ட். சிவப்பு எல்இடி ஒளிர சுமார் 2 வோல்ட் போதும். பச்சையும் நீலமும் காலியம் நைட்ரைடு என்ற ஒரே குடும்பத்துப் பொருளால் செய்யப்படுவதால் இரண்டுக்கும் சுமார் 3 வோல்ட் வேண்டும். அடுக்குமாடி வீட்டில் தண்ணீரின் அழுத்தம் குறையும்போது என்ன நடக்கிறது? முதல் மாடிக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே மூன்றாம் மாடிக் குழாய் நின்றுபோகிறது. எல்இடியில் சிவப்பு முதல் மாடி, பச்சையும் நீலமும் மூன்றாம் மாடி.

இந்த உயரக் கணக்கு கற்பனை அல்ல என்பதற்கு நூற்றாண்டுக்கும் மேலான சான்று இருக்கிறது. மார்க்கோனி நிறுவனத்தில் பணியாற்றிய ஹென்றி ரவுண்ட் 1907இல் கார்போரண்டம் படிகத்தில் மின்சாரம் செலுத்தியபோது மஞ்சள் ஒளி வருவதைக் கண்டு ஒரு சிறு குறிப்பு எழுதினார். 1920களில் சோவியத் நாட்டின் ஓலெக் லோசெவ் அதே ஒளியை விரிவாக ஆராய்ந்து, சூட்டினால் வரும் ஒளி அல்ல இது என்று நிறுவினார். பல நிற எல்இடிகளுக்கு வோல்ட்டை மெல்ல ஏற்றிக்கொண்டே போய், எது எப்போது ஒளிரத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளும் பரிசோதனை இன்று கல்லூரி ஆய்வகங்களில் சாதாரணம். சிவப்பு முதலில் விழிக்கும், நீலம் கடைசியில். அந்த அளவுகளைக் கொண்டே ஒளியின் ஆற்றலை அதன் நிறத்தோடு இணைக்கும் பிளாங்க் மாறிலியைக் கணக்கிட்டுவிடுகிறார்கள். வரலாறும் இதே வரிசையில்தான் நகர்ந்தது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை நிக் ஹோலோன்யாக் 1962இல் செய்துகாட்டினார். பிரகாசமான நீலத்துக்கு 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அகன்ற ஆற்றல் இடைவெளி கொண்ட காலியம் நைட்ரைடைக் குறையில்லாத படிகமாக வளர்ப்பது அவ்வளவு கடினம். அதைச் சாதித்த இசாமு அகசாகி, ஹிரோஷி அமனோ, ஷூஜி நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது மயிலின் தோகைக்கு வருவோம். ஒவ்வொரு விளக்கிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உள்ள 12 வோல்ட் ஆர்ஜிபி ஸ்ட்ரிப்பை விரித்துப் பார்த்தால் மூன்று விளக்குக்கு ஒருமுறை கத்தரிக்கோல் குறி போட்டிருக்கும். குறிக்கும் குறிக்கும் இடையிலுள்ள மூன்று விளக்குகள் ஒரு குழு. அந்த மூன்றிலும் உள்ள சிவப்புத் துகள்கள் தொடராக இணைக்கப்பட்டு ஒரு மின்தடையோடு சேர்கின்றன. பச்சைக்கும் நீலத்துக்கும் அப்படியே தனித்தனித் தொடர். மூன்று சிவப்புக்கு 6 வோல்ட் போக, மீதி 6 வோல்ட் மின்தடையில் இறங்குகிறது. மூன்று நீலத்துக்கு 9 வோல்ட் போக, மீதி 3 வோல்ட்தான். இந்த மீதிதான் எவ்வளவு மின்னோட்டம் ஓடும் என்பதைத் தீர்மானிக்கிறது. நுனிக்குப் போய்ச் சேர்வதற்குள் 12 வோல்ட் 10 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சிவப்பின் மீதி 6இலிருந்து 4 ஆகிறது. மூன்றில் இரண்டு பங்கு ஒளி நிற்கிறது. நீலம், பச்சையின் மீதி 3இலிருந்து 1 ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சுகிறது. தோராயக் கணக்குதான், ஆனால் கண் பார்ப்பதும் இதுவே. மூன்று நிறமும் சமமாகச் சேர்ந்தால் வெள்ளை. சிவப்போடு ஒப்பிட மற்ற இரண்டு நிறமும் பாதியாக இளைத்தால் அது காவி. சிவப்பை மட்டும் எரியவிட்டால் ஏன் நுனி வரை ஒரே மாதிரி இருக்கிறது என்பதும் இதில் விளங்கிவிடும். ஒரே நிறம் எரியும்போது ஓடும் மின்னோட்டம் குறைவு. குறையும் வோல்ட்டும் குறைவு. குறைந்தாலும் சிவப்பு தாங்கிக்கொள்கிறது.

அந்த 2 வோல்ட் எங்கே போனது? ஒயரில் சூடாகிப் போனது. மீட்டருக்கு 60 விளக்கு கொண்ட வழக்கமான ஆர்ஜிபி ஸ்ட்ரிப் முழு வெள்ளையில் மீட்டருக்கு 14.4 வாட் இழுக்கும். 5 மீட்டர் ரோலுக்கு 72 வாட். 12 வோல்ட்டில் அது 6 ஆம்பியர். பேட்டரியிலிருந்து 10 மீட்டர் தள்ளி அந்த ரோல் இருக்கிறது, ஒரு ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் போட்டிருக்கிறோம் என்றால், போக 10 வர 10 என 20 மீட்டர் ஒயரின் தடை ஏறக்குறைய 0.34 ஓம். 6 ஆம்பியர் ஓடினால் 2 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். போதாததற்கு ஸ்ட்ரிப்புக்குள் ஓடும் செம்புத் தகடு ஒயரைவிட மெல்லியது. ரோலின் தலைக்கும் வாலுக்கும் இடையிலேயே இன்னொரு இழப்பு. அதே 72 வாட் ரோலை 24 வோல்ட் வகையில் வாங்கினால் 3 ஆம்பியர்தான் ஓடும். இழப்பு 1 வோல்ட். அதுவும் 24இல் 1. பன்னிரண்டில் 17 சதவீதமாக இருந்த இழப்பு, இருபத்துநாலில் 4 சதவீதம் ஆகிவிட்டது. மறுபக்கம், ஒவ்வொரு விளக்கும் தனித்தனியாக நிறம் மாறும் 5 வோல்ட் பிக்சல் ஸ்ட்ரிப்பைப் பாருங்கள். ஒரு விளக்கு முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர். 300 விளக்குள்ள ரோலுக்கு 18 ஆம்பியர். அதே ஒயரில் 18 ஆம்பியரைச் செலுத்தவே 6 வோல்ட் செலவாகும்; கையில் இருப்பதோ 5. எனவே என் வாதம் இதுதான்: ஊர்திக்கு விளக்கு வாங்கப் போகிறவர் வெளிச்சத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன் ஆம்பியரைப் பார்க்க வேண்டும். மின்னோட்டத்தைக் குறைக்கும் தேர்வு எதுவோ, அதுவே நிறத்தையும் காப்பாற்றும், ஒயரையும் காப்பாற்றும், ஊர்வலத்தையும் காப்பாற்றும்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும். குட்டியானையின் பேட்டரி 12 வோல்ட், டிராக்டரும் 12 வோல்ட், கடையில் சுலபமாகக் கிடைப்பதும் 12 வோல்ட் ரோல். 24க்கு எங்கே போவது? நியாயமான கேள்வி. லாரியில் ஏற்றினால் அதன் மின்அமைப்பே பெரும்பாலும் 24 வோல்ட். மற்ற வண்டிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 24 கிடைத்துவிடும். வண்டியின் சொந்த பேட்டரியைத் தொடவே வேண்டாம், அதை வண்டி கிளம்புவதற்கு விட்டுவிடுவதே நல்லது. 24 வோல்ட் ரோல் சென்னை ரிச்சி தெரு மாதிரியான மின்னணுச் சந்தையில் கேட்டால் கிடைக்கும். பிக்சல் லைட்தான் வேண்டும், அது பெரும்பாலும் 5 அல்லது 12 வோல்ட்டில்தான் வருகிறது என்றால், மின்சாரத்தை 24 வோல்ட்டில் கொண்டுபோய், ரோலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கன்வர்ட்டர் வைத்து இறக்கிக்கொள்ளலாம். மின்வாரியம் ஊருக்குள் உயர் அழுத்தத்தில் மின்சாரத்தைக் கொண்டுவந்து தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் இறக்குவதும் இதே காரணத்தால்தான். எதுவும் முடியாது, கையில் இருப்பது 12 வோல்ட் ரோல்தான் என்றாலும் வழி உண்டு. ஒரு ரோலின் வாலில் இன்னொரு ரோலை ஒட்டி நீட்டிக்கொண்டே போகாமல், 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயரை முதுகெலும்பாக ஓடவிட்டு, ஒவ்வொரு 5 மீட்டர் ரோலுக்கும் இரு முனையிலும் மின்சாரம் கொடுங்கள். ஒரு முனையில் நுழையும் 6 ஆம்பியர் இரு முனையிலும் தலா 3 ஆம்பியராகப் பிரிந்துவிடும்.

மின்னோட்டத்தைக் குறைக்க இன்னும் நேரான வழி, வெளிச்சத்தையே குறைப்பது. இங்கேதான் எதிர்ப்பு பலமாக வரும். பக்கத்துத் தெரு வண்டி பளிச்சென்று வரும்போது நம் வண்டி மங்கலாகப் போவதா? நம் கண்ணைப் பற்றி அறிவியல் சொல்வதை இங்கே கேட்க வேண்டும். 1950களில் ஹார்வர்டு உளவியலாளர் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ், இருட்டில் வெவ்வேறு ஒளிகளைக் காட்டி, எது எவ்வளவு பிரகாசமாகத் தோன்றுகிறது என்று பார்ப்பவர்களையே எண்ணால் சொல்லச் சொன்னார். கிடைத்த விடை வியப்பானது: சிறிய ஒளிப்பரப்பு ஒன்று இரண்டு மடங்கு பிரகாசமாகத் தோன்ற எட்டு மடங்கு ஒளி தேவைப்படுகிறது. திருப்பிச் சொன்னால், ஒளியைப் பாதியாக்கினாலும் கண்ணுக்குக் குறைவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். டிம்மரைப் பாதிக்குத் திருப்பினால் சராசரி மின்னோட்டம் பாதி, சூடு பாதி, பேட்டரிச் செலவு பாதி. பார்வைக்கு இழப்பது கொஞ்சமே. மின்வெட்டுக்காக வீட்டில் வைத்திருக்கும் 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரியில் 1,800 வாட்-மணி இருக்கிறது. பேட்டரி கெடாமலிருக்க அதில் பாதியை மட்டும் எடுத்தாலும் 200 வாட் அலங்காரம் நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் எரியும். பேட்டரியே போதும் என்றால் ஜெனரேட்டர் வேண்டாம்; அதன் இரைச்சல் இல்லாததால் மேளமும் நாதஸ்வரமும் காதில் விழும், பின்னால் நடந்து வருபவர்கள் புகையைச் சுவாசிக்க வேண்டியதில்லை.

கடைவீதி வெளிச்சத்தில் பாதி ஒளி எடுபடுமா என்பது சரியான கேள்வி. கண் வெளிச்சத்தைத் தனியாக அளப்பதில்லை, சுற்றிலும் இருப்பதோடு ஒப்பிட்டே அளக்கிறது. குன்றத்தூர் பஜாரில் கடைப்பலகைகளுக்கு நடுவே போகும்போது முழு ஒளி தேவைப்படலாம். உள் தெருக்களில் அதே ஒளி கண்ணைக் கூசவைக்கும், முருகன் முகத்தையே பார்க்கவிடாது. எனவே கூட்டிக் குறைக்க முடிகிற டிம்மரோ கன்ட்ரோலரோ இல்லாத விளக்கை வாங்குவதில் பொருளில்லை. ஒப்பீடுதான் அடிப்படை என்றால் இருளும் அலங்காரப் பொருள்தான். மேற்கு வங்கத்துச் சந்தன்நகர் கலைஞர்கள் ஜகத்தாத்ரி பூஜைக்குச் செய்யும் நகரும் ஒளிச்சித்திரங்களும், இலங்கையில் வெசாக் நாளில் எழுப்பும் ஒளித் தோரணங்களும் புகழ்பெற்றது அப்படித்தான். எந்தப் புள்ளி எப்போது அணைய வேண்டும் என்று அவர்கள் திட்டமிடுகிறார்கள். மயில் தோகையை முழுக்க ஸ்ட்ரிப்பால் நிரப்புவதைவிட, கண்களின் வளையத்தை மட்டும் ஒளியால் வரைந்து இடையில் கறுப்புத் துணி விட்டால் பாதி ரோலில் தோகை எழும்பி நிற்கும்.

மிச்சப்படுத்திய மின்சாரத்தைச் செலவழிக்க ஓர் இடம் உண்டு: சுவாமியின் மேல். மூன்று நிறம் கலந்த வெள்ளை நம் கண்ணை ஏமாற்றும் வெள்ளை. அதில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று குறுகிய பட்டைகள் மட்டும் இருக்கின்றன. இடையிலுள்ள மஞ்சளும் ஆரஞ்சும் மிகக் குறைவு. விளக்கில் இல்லாத நிறத்தை எந்தப் பொருளும் திருப்பி அனுப்ப முடியாது. அதனால்தான் அந்த ஒளியில் மஞ்சள் காப்பும் சந்தனமும் இயல்பாகத் தெரிவதில்லை. நீல எல்இடியின் மேல் மஞ்சள் ஒளிர்பூச்சு பூசிச் செய்யும் சாதாரணக் குளிர்வெள்ளை விளக்கில் மஞ்சள் பிழைக்கும், ஆழ்ந்த சிவப்பு குறையும். குங்குமமும் அரக்குப் பட்டும் பழுப்படித்துவிடும். ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நிறங்காட்டுத் திறன் எண் என்று ஓர் அளவுகோல் உண்டு; பெட்டியில் சிஆர்ஐ என்று போட்டிருப்பார்கள். எட்டு மென்மையான நிறங்களை வைத்துக் கணக்கிடும் சராசரி அது. அடர் சிவப்பு அந்த எட்டில் இல்லை. ஒன்பதாவது மாதிரியாகத் தனியே அளக்கப்படுகிறது. ஆகவே 80 என்று அச்சிட்ட விளக்கிலும் குங்குமம் சோர்ந்து தெரியலாம். சுவாமியைச் சுற்றி மட்டும் 90க்கு மேல் சிஆர்ஐ உள்ள, 2,700 முதல் 3,000 கெல்வின் வரையிலான இதமான வெள்ளையைப் பயன்படுத்துங்கள். விலை கூடுதலே என்று மறுக்கலாம். தேவைப்படுவதோ இரண்டு மூன்று மீட்டர்தான். வண்ண விளையாட்டை வெளிச்சட்டத்துக்கு விட்டுவிடலாம்.

குறைந்த வோல்ட் என்றால் ஆபத்தே இல்லை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 12, 24 வோல்ட் கையில் ஷாக் அடிக்காது என்பது பெரும்பாலும் சரி. தீ வைக்காது என்பது தவறு. ஒயர் நசுங்கி இரு முனையும் தொட்டுக்கொண்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். மெல்லிய ஒயர் சிவந்து பக்கத்திலுள்ள தெர்மாகோலைப் பற்றவைக்கும். ஆகவே பேட்டரி முனைக்கு அருகிலேயே, ஒவ்வொரு கிளைக்கும் அதன் ஓட்டத்துக்குச் சற்றே மேற்பட்ட ஃப்யூஸ் இருக்க வேண்டும்: 6 ஆம்பியர் கிளைக்கு 7.5. எல்இடி முன்பக்கம் சூட்டை வீசுவதில்லை, பின்பக்கமாகக் கடத்துகிறது. அதனால் ஸ்ட்ரிப்பைத் தெர்மாகோலில் நேராக ஒட்டாமல் அலுமினிய சேனலில் ஒட்டுங்கள். கந்த சஷ்டி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருவதால் சிலிகான் உறை போட்ட ஐபி65 வகையே பொருந்தும். ரோலை வெட்டிய முனைகளைத் திரும்பவும் அடைக்காவிட்டால் அந்த உறையால் பயனில்லை. மேலே ஓடும் கம்பிகளுக்கோ நம் 24 வோல்ட் கணக்கு பொருந்தாது. தஞ்சாவூர் அருகே களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தேரின் உச்சி உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் உயிரிழந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. ஊர்தியின் உயரத்தை, அது போகும் பாதையிலுள்ள மிகத் தாழ்ந்த கம்பியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று, மோட்டார் வாகன விதிகள் வண்டியின் முன்பக்கம் சிவப்பு விளக்கையும் பின்பக்கம் சிவப்பல்லாத விளக்கையும் பொதுவாகத் தடுக்கின்றன. எதிரே வருபவர் வண்டி எந்தப் பக்கம் போகிறது என்பதை நிறத்தை வைத்தே அறிகிறார். பெருஞ்சாலையைக் கடக்கும் நேரத்திலாவது அலங்காரத்தை அணைத்துவிட்டு வண்டியின் சொந்த விளக்கைத் தெரியவிடுவது அவருக்கு நாம் செய்யும் கடமை.

கடையில் வழக்கமாக நடக்கும் வரிசை, முதலில் பளபளப்பான ரோல், பிறகு அதற்கேற்ற அடாப்டர், கடைசியில் மிச்சக் காசுக்கு ஒயர். அதைத் தலைகீழாக்குங்கள். ஊர்வலம் எத்தனை மணி நேரம் என்பதிலிருந்து பேட்டரி, பேட்டரியிலிருந்து மொத்த வாட், வாட்டிலிருந்து வோல்ட், வோல்ட்டிலிருந்து ஆம்பியர், ஆம்பியரிலிருந்து ஒயரும் ஃப்யூஸும், அதற்குப் பிறகு சுவாமிக்கான வெள்ளை, எல்லாவற்றுக்கும் கடைசியாக வண்ண ரோல். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் மின்னோட்டவியல் பாடத்தைத் தாண்டிய கணக்கு இதில் எதுவுமில்லை. தெருவில் பத்தாவது படிக்கும் எந்தப் பிள்ளையும் இதைத் தாளில் போட்டுவிட முடியும். சட்டத்தில் கட்டுவதற்கு முன் எல்லா ரோலையும் தரையில் விரித்து, முழு வெள்ளையில் எரியவிட்டு, ஒரு மல்டிமீட்டரால் தலையிலும் வாலிலும் அளந்து பாருங்கள். 12 வோல்ட்டில் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் தைரியமாகக் கட்டலாம். அதற்கு மேலிருந்தால் புது ரோல் வாங்க ஓடாதீர்கள், ஒயர் இணைப்பை மாற்றுங்கள்.